இன்ஜினை அணை, ஒரு தே குடிப்போம்

காஜாங்கில் ஒரு வீட்டு வாசல், காலை ஒன்பது மணி. சிவப்பு மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் காடி ஒன்று கழுவித் துடைத்து மின்னிக்கொண்டு நின்றது. நாங்கள் போய் இறங்கும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "வாங்கண்ணே, உங்களுக்காகத்தான் சூடாக்கி வச்சிருக்கேன்" என்றார் விற்பவர். முப்பது வயதிருக்கும், நல்ல சிரிப்பு. வாங்கப்போவது நான் என்று மாமா சொன்னதும் எனக்காக ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

செமினி சாலை வரை ஓட்டிப் பார்த்தேன். அந்த இன்ஜினை ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதில் மேலும் கீழும் ஆடும் பிஸ்டன் கிடையாது, எல்லாமே சுற்றுகிறது. அதனால்தான் அதை ரோட்டரி இன்ஜின் என்பார்கள். ஆறு கியர் மேனுவல் காடியில் இன்ஜின் வேக எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு நிமிடத்துக்கு 9,000 சுற்றில்தான் வருகிறது. அதுவரை கொஞ்சமும் அலுங்காமல், ஒரே இழுப்பாக ஏறுகிறது. திரும்பி வந்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. வாங்கிவிட வேண்டும் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மாமா பின்னிருக்கையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். வாசலில் நிறுத்தியதும் விற்பவர் போனட்டைத் திறந்து காட்டினார், பின்பக்கச் சாமான் அறையைத் திறந்து காட்டினார், எதிரெதிராகத் திறக்கும் அந்தக் கதவுகளைத் திறந்து காட்டினார். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் பொறுத்திருந்துவிட்டு மாமா சொன்னார்:

"தம்பி, இன்ஜினை அணைங்க. முனையில ஒரு தேக்கடை இருக்கு. ஒரு தே குடிச்சிட்டு வந்து மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்."

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அணைக்கலாம்ணே… பேட்டரிதான் கொஞ்சம் வீக்கு."

"பரவால்ல. என்கிட்ட ஜம்பர் கேபிள் இருக்கு."

தே தாரிக் குடித்து முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. திரும்பி வந்து மாமா சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் பிடிக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை ஆக்ஸிலேட்டரை அமுக்கிப் பிடித்து நீளமாகச் சுற்றியதும் இருமிக்கொண்டு எழுந்தது. மாமா இறங்கி, விற்பவரின் தோளில் கை வைத்து, "நல்ல காடி தம்பி. இன்ஜின் மட்டும் பிரிச்சுக் கட்ட வேண்டியிருக்கு" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம்.

பழைய ஸ்போர்ட்ஸ் காடி வாங்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். நான் வாங்கும்போது தமிழில் இதையெல்லாம் சொல்லித் தர எனக்கு மாமா ஒருவர்தான் இருந்தார். எல்லோருக்கும் அப்படி ஒரு மாமா வாய்ப்பதில்லை.

மாமாவுக்கு செகாம்புட்டில் சின்னப் பட்டறை. தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ரயில் பெட்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கும் வேலையை தாத்தா செய்து மாமா சிறுவயதில் பார்த்திருக்கிறார். நல்ல சக்கரம் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், விரிசல் விட்டது 'டொக்'கென்று செத்துவிடும். மாமா எந்தக் காடியைப் பார்க்கப் போனாலும் முதலில் வாயை மூடிக்கொள்வது அங்கிருந்து வந்த பழக்கம்.

இந்தக் காடி மேல் நம் ஊர் இளைஞர்களுக்கு ஏன் இவ்வளவு கண் என்பதற்கு ரோட் டாக்ஸ் ஒரு பெரிய காரணம். தீபகற்ப மலேசியாவில் ரோட் டாக்ஸ் இன்ஜின் கொள்ளளவைப் பொறுத்தது. ஆர்எக்ஸ்-8-இல் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுற்றும் இரண்டு ரோட்டர்களும் தலா 654 சிசி, மொத்தம் 1,308. அதனால் ஆண்டுக்கு 70 வெள்ளிதான். இரண்டு லிட்டர் காடிக்கு ஏறத்தாழ 380 வெள்ளி. மூன்றரை லிட்டர் நிஸ்ஸான் ஃபேர்லேடி வாங்கினால் 4,300-க்கு மேல். எழுபது வெள்ளியில் ஸ்போர்ட்ஸ் காடி என்று கேட்டால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் ரோட் டாக்ஸில் மிச்சமாகும் பணமெல்லாம் இந்தக் காடியில் சீல்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

சீல் என்றால் என்னவென்று சொல்கிறேன். ரோட்டர் என்பது பக்கங்கள் உப்பிய முக்கோணம். அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டை மாதிரி அபெக்ஸ் சீல் இருக்கிறது. முட்டை வடிவ அறையின் சுவரை உரசிக்கொண்டே சுற்றி, காற்றையும் பெட்ரோலையும் கசியவிடாமல் அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. அது தேய்ந்தால் அழுத்தம் போகும், அழுத்தம் போனால் இன்ஜினே போனது போலத்தான். சாதாரண பிஸ்டன் இன்ஜினில் நோய் பெரும்பாலும் காலையில், குளிர்ந்திருக்கும்போது தெரியும். அதனால்தான் பழைய காடி பார்க்கப் போகும்போது போனட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் சந்தேகப்படு என்பார்கள். ரோட்டரியில் கதை தலைகீழ். தேய்ந்த இன்ஜின்கூடக் குளிரில் எழுந்துவிடும். சூடாகி, அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் உண்மை வெளியே வரும். சூட்டில் எண்ணெய் இளகிச் சீல்களுக்கு முட்டுக்கொடுக்காது, ஸ்டார்ட்டரின் வேகமும் குறையும். காஜாங் தம்பி இன்ஜினை அணைக்காததன் காரணம் அதுதான்.

கிளம்பும் முன் அவர் இன்னொன்றும் சொன்னார்: "அண்ணே, புஸ்பாகொம் பாஸ் ஆயிருச்சு. ரிப்போர்ட் இருக்கு." புஸ்பாகொம் என்பது வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம். அவர் சொன்னது பொய்யில்லை. பெயர் மாற்றத்துக்கு முன்னால் பி5 சோதனை செய்ய வேண்டும், அவருடைய காடி அதில் தேறியிருந்தது. அந்தச் சோதனையின் முக்கிய வேலை, கெரானில், அதாவது காடியின் உரிமைப் பத்திரத்தில், உள்ள காடியும் எதிரே நிற்கும் காடியும் ஒன்றுதானா என்று பார்ப்பது: சேஸி நம்பர், இன்ஜின் நம்பர், கண்ணுக்குத் தெரியும் நிலை. திருட்டுக் காடியும் இரண்டு காடியை வெட்டி ஒட்டியதும் கைமாறாமல் இருக்க அது மிக அவசியம், அதைத் தவறாமல் செய்ய வேண்டும். அடுத்த ஆறு மாதத்தில் உன் கையை விட்டு எத்தனை ஆயிரம் போகும் என்பது அந்தச் சோதனையின் கேள்வியே அல்ல. பி5 பாஸ் என்றதும் இன்ஜினே பாஸ் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதிலும் இந்த வயதுக் காடிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம், ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குவோம். பணம் மொத்தமும் நம்முடையது என்னும்போது அந்த இரண்டாவது கேள்வியை நாம்தான் கேட்டாக வேண்டும்.

இரண்டாவதாகப் பார்த்த ஆர்எக்ஸ்-8-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சோங்கில் ஒரு கடை. விலை ஆச்சரியப்படும் அளவு குறைவு. சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும், முதலில் 1,000 வெள்ளி டெபாசிட் கட்டுங்கள் என்றார்கள், திரும்பி வராத டெபாசிட். மாமா பதில் சொல்லாமல் முன்னிருக்கை பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தில் பழுப்பு நிறமாக ஒரு கோடு, விரலில் தேய்த்தால் மாவு மாதிரி மண். இருக்கை போல்ட்டுகளில் துரு, உள்ளே மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம். 2021 டிசம்பர் வெள்ளத்தை கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறக்கவில்லை. ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் காடிகள் கூரை வரை மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தோம். அவற்றில் எல்லாமே இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. இந்தக் காடி எந்த வெள்ளத்தில் குளித்தது என்று எனக்குத் தெரியாது. பெல்ட்டில் சேறு இருந்தது, அது போதும்.

மூன்றாவது கிள்ளானில். நீல நிறம், 118,000 கிலோமீட்டர். உரிமையாளர் துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், எட்டு வருடமாக அவர் கையில் இருந்த காடி. கேட்ட விலை 34,000 வெள்ளி. அந்த வாரம் மாமா ஊரில் இல்லை. அதனால் வீட்டுக்கே வந்து சோதித்துத் தரும் ஒரு நிறுவனத்துக்கு 250 வெள்ளி கட்டினேன். ஒரு தம்பி கருவிப் பெட்டியோடு வந்து இரண்டு மணி நேரம் உண்மையாகவே உழைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட கட்டங்கள் கொண்ட ரிப்போர்ட் மாலையில் போனுக்கு வந்தது. போனட்டில் நசுங்கல் நிரப்பும் பட்டி கனமாக, விபத்து இருந்திருக்கலாம். இன்ஜின் எண்ணெய் குறைவு, கசிவு இருக்கலாம். இன்ஜின் இயக்கம் நன்று. மனசு உடைந்துபோய் ரிப்போர்ட்டை மாமாவுக்கு அனுப்பினேன்.

மாமா அன்றிரவே கூப்பிட்டார். "புள்ள, போனட்டுல அந்தத் தம்பி காந்தம் வச்சானா, இல்ல மீட்டரா?"

"பெயின்ட் கனத்தை அளக்குற மீட்டர்தான் மாமா. நம்பரே வரலன்னு எழுதியிருக்கார்."

"வராது. அந்தப் போனட் அலுமினியம். பின் கதவு ரெண்டும் அலுமினியம்தான். இரும்பை மட்டும் படிக்கிற மலிவு மீட்டர் அதுமேல குருடு. பட்டி இருந்தாலும் ஒண்ணும் சொல்லாது, இல்லன்னாலும் ஒண்ணும் சொல்லாது."

எண்ணெய் விஷயமும் அப்படித்தான். இந்த இன்ஜின் எண்ணெய் குடிப்பது நோய் அல்ல, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சீல்கள் வறண்டு உரசாமல் இருக்க ஒரு சின்னப் பம்பு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும், அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும். எண்ணெயே குறையவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். கிள்ளான் அண்ணனிடம் கேட்டபோது, ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் காட்டினார். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் அரை லிட்டர் ஊற்றினார் என்று எட்டு வருடக் கணக்கு, நீல மையில். அந்த நோட்டைப் பார்த்ததும்தான் எனக்கு அந்தக் காடி மேல் மறுபடி நம்பிக்கை வந்தது.

ரிப்போர்ட்டில் மிச்சம் இருந்தது 'இன்ஜின் இயக்கம் நன்று'. அதற்கு என்ன ஆதாரம் என்று அந்தத் தம்பியைக் கேட்டேன். அறையின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டிப் பார்த்ததாகவும் நல்ல எண் வந்ததாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ரோட்டரிக்கு அந்தக் கேஜ் பொருந்தாது. பிஸ்டன் ஒன்றுக்கு அறை ஒன்றுதான், கேஜ் காட்டும் உச்ச எண் அந்த அறையின் எண். ரோட்டருக்கோ மூன்று முகம். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதே பிளக் துளையைக் கடந்து போகின்றன. சாதாரண கேஜில் உள்ள வால்வு உச்ச அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, மூன்று முகங்களில் எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் காட்டும். மற்ற இரண்டும் செத்திருந்தாலும் முள் அழகாக நிற்கும்.

நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். இரத்தம் எடுக்கும்போது அதன் அணுக்கள் உடைந்துபோனால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். இயந்திரம் சரியாகத்தான் அளக்கும், மாதிரிதான் கெட்டிருக்கும். அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் இதை எப்படி எடுத்தார்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. ஒரு காடிக்கு முப்பதாயிரம் கொடுக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது அன்றைக்கு வரை எனக்குத் தோன்றியதில்லை.

கெப்போங் பக்கம் ரோட்டரி மட்டுமே பார்க்கும் ஒரு சீனத் தவுக்கே, பட்டறை முதலாளி, இருக்கிறார், அவரிடம் சரியான டெஸ்டர் உண்டு என்று மாமா விசாரித்து வைத்திருந்தார். கிள்ளான் அண்ணனிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "எங்க வேணாலும் கொண்டுபோய்ப் பாருங்கம்மா. நானும் வர்றேன், எனக்கும் தெரிஞ்சுக்கணும்" என்றார். இதை அழுத்தமாகவே சொல்கிறேன்: விற்பவர் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான் சோதனையின் முதல் முடிவு. பட்டறை நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், செலவும் உங்களுடையதாக இருக்க வேண்டும். விற்பவரே கூட்டிப்போகும் பட்டறையில் பார்த்தால் அது சோதனையே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை மூவரும் போனோம். தவுக்கே முதலில் எதையும் கழற்றவில்லை. காடியை ஓட்டிவிட்டு வந்து, நன்றாகச் சூடேறியிருக்கும்போதே வேலையை ஆரம்பித்தார். சூடு வேண்டும், பேட்டரி முழுதாக இருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும். ரோட்டருக்கு இரண்டாக மொத்தம் நான்கு பிளக். நான்கையும் வெளியே எடுத்து ஒரு துணியில் வரிசையாக அடுக்கினார். பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் நான்கு காயில்களையும் தனித்தனியாகப் பார்த்தார். காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல் வெளியே போய் புகைக் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அடைக்கும், அங்கே தேங்கும் சூடு திரும்பி வந்து சீல்களைத் தின்னும். இந்த இன்ஜின்கள் செத்துப்போவதற்குப் பல சமயம் இந்தச் சின்னக் காயில்தான் தொடக்கம்.

டெஸ்டரை மாட்டும் முன் மாமா, "ஒரு நிமிஷம் பாஸ், சும்மா சுத்துங்க, கேக்குறேன்" என்றார் மலாயில். தவுக்கே புரிந்துகொண்டு சிரித்தார். பெட்ரோல் வராதபடி செய்துவிட்டு, ஒரு ரோட்டரின் ஒரு பிளக் துளையை மட்டும் திறந்து வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினார். ப்ஸ், ப்ஸ், ப்ஸ் என்று துளையிலிருந்து காற்று வந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நின்றார். ஒவ்வொரு மூச்சும் ஒரு முகம். முன் ரோட்டரில் மூன்றும் ஒரே சீராக வந்தன. பின் ரோட்டருக்கு மாற்றியதும் மாமாவின் புருவம் லேசாக அசைந்தது. "மூணுல ஒண்ணு கொஞ்சம் மெல்ல வருது, கேளு" என்று என்னைப் பக்கத்தில் இழுத்தார். முதலில் எனக்குக் கேட்கவில்லை. நான்கைந்து சுற்றுக்குப் பிறகு கேட்டது. பலம், பலம், மெல்ல. பலம், பலம், மெல்ல.

டெஸ்டர் அதையே எண்ணாகச் சொன்னது. அது மூன்று முகத்தையும் தனித்தனியாக அளந்து, இன்ஜின் சுற்றும் வேகத்தையும் சேர்த்தே பதிவு செய்கிறது. வேகமாகச் சுற்றினால் எண் ஏறும் என்பதால் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு 250 சுற்று என்ற அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். அந்த வேகத்தில் மஸ்டா சொல்லும் நல்ல அளவு 830 கிலோபாஸ்கல், கீழ் எல்லை 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150-க்கு மேலும், இரண்டு ரோட்டருக்கும் இடையில் 100-க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. எங்கள் தாளில் தவுக்கே எழுதியது: முன் 780, 770, 760. பின் 740, 730, 700.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கிள்ளான் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தாளை வாங்கி ரொம்ப நேரம் படித்தார். எட்டு வருடம் ஓட்டிய காடி, அவருக்கும் அது புதுச் செய்திதான். "இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?" என்று தவுக்கேயைக் கேட்டார். இப்படியே பார்த்துக்கொண்டால் சில வருடம் என்றார் தவுக்கே. இன்ஜினைத் திறந்து கட்ட எவ்வளவு ஆகும் என்று நான் கேட்டேன். குறைந்தது 12,000 வெள்ளி, உள்ளே பார்த்தால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்றார்.

அதன் பிறகு பட்டறைக்கு வெளியே நடந்த பேரம் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை, யாரும் காடியைக் குறை சொல்லவில்லை. மூன்று பேர் கையிலும் ஒரே தாள். மாமா 28,000 என்று ஆரம்பித்தார், அண்ணன் 31,000 என்றார். கடைசியில் 29,500-இல் நின்றது. கைகொடுக்கும்போது அண்ணன் அந்த எண்ணெய் நோட்டையும் என்னிடம் கொடுத்தார். கேட்ட விலைக்கும் கொடுத்த விலைக்கும் இடையிலான 4,500 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டேன், இன்ஜின் கட்டும் நாளுக்காக. மாதாமாதம் 200 சேர்க்கிறேன்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. தவுக்கே காடியைத் தூக்கி அடியைப் பார்த்தார். சேஸி நம்பர் கெரானோடு பொருந்தியது. அலுமினியத்தையும் படிக்கும் மீட்டரை மாமா கடன் வாங்கி வந்து போனட்டில் வைத்தார், 120 மைக்ரான் பக்கம் காட்டியது. தொழிற்சாலைப் பெயின்ட்தான், பட்டி எதுவும் இல்லை. டயர்கள் பழசு: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 1417 என்று இருந்தது, நான்கையும் மாற்றினேன். பி5 முடித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் இருவரும் கைரேகை வைத்துப் பெயர் மாற்றினோம்.

இப்போது ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்க்கிறேன், நீல மைக்குக் கீழே என் கறுப்பு மை ஓடுகிறது. காலையில் காடியை நகர்த்தி வைக்க மட்டும் ஸ்டார்ட் செய்து உடனே அணைப்பதில்லை. அப்படிச் செய்தால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து, அடுத்த முறை ரோட்டரி பிடிக்காமல் போகும். ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை ஓட விட்டுத்தான் அணைப்பேன்.

போன மாதம் மறுபடி கெப்போங் போனோம். தவுக்கே துளையைத் திறந்து சுற்றியதும் மாமா என்னைத்தான் முதலில் குனியச் சொன்னார். முன் ரோட்டர் சீராக வந்தது. பின் ரோட்டரில் அந்த மூன்றாவது மூச்சு போன வருடத்தைவிட இன்னும் கொஞ்சம் மெல்ல. "அறுநூத்துத் தொண்ணூறு இருக்கும்" என்றேன். டெஸ்டர் 695 என்றது. தவுக்கே தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். பழைய தாளோடு சேர்த்து மடித்துக் கெரான் உறைக்குள் வைத்தேன். இந்தக் காடியை என்னிடமிருந்து வாங்கப்போகிறவர் முதலில் அந்த உறையைத்தான் பிரிப்பார்.